நகமடிப்பில் நுண் ரத்தக்குழாய் பார்க்க, கையில் பிடிக்கிற மாதிரி விலை குறைந்த கருவி எது?

துறைமுகம்_சிஸ்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். விடியற்காலை ஏலம் முடிந்து, கூடைகளெல்லாம் கிளம்பிப் போன பிறகு எட்டு மணிக்கு மேல்தான் எங்களுக்குக் கூட்டம். மீன் விற்கிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு முதுகுவலி, சர்க்கரை, பிரஷர்தான்.

போன மார்கழியில் ஒரு அக்கா, முப்பத்தெட்டு வயது, சர்க்கரை பார்க்க வந்தார். மோதிர விரலில் ஊசி குத்தினேன், ரத்தமே வரவில்லை. அமுக்கினேன், திரும்பவும் குத்தினேன், ஒரு சொட்டு வரவில்லை. அப்புறம்தான் விரலைச் சரியாகப் பார்த்தேன், நடுக்கணுவரைக்கும் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்துக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, கொஞ்ச நேரத்தில் சிவந்து, "எரியுது சிஸ்டர்" என்று கையை உதறினார். "ஐஸ்ல கை வெச்சா அப்டித்தான், எல்லாருக்கும் ஆவும்" என்று அவரே சமாதானமும் சொன்னார். ஆனால் கேட்டுப் பார்த்தால் சித்திரை வெயிலிலும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காற்று பட்டாலும் வருகிறதாம்.

எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு இது ரேனாட் என்றார். குளிருக்கு விரலின் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்வது. பலருக்கு அது வெறும் தொந்தரவோடு நின்றுவிடும், சிலருக்குத் தோல் இறுகும் நோயின், அதாவது ஸ்கிளீரோடெர்மாவின் முதல் அடையாளமாக இருக்கும், எது எது என்று பிரித்துப் பார்க்க நகம் தோலுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிற மடிப்பில் நுண் ரத்தக்குழாய்களைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கான வீடியோ கருவி லட்சக்கணக்கில் வருமாம். எங்கள் கிளினிக்கில் இசிஜி மெஷினே தவணையில் வாங்கியது.

நானே என் பணத்தில் 1,600 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு யூஎஸ்பி மைக்ராஸ்கோப் வாங்கினேன். பெட்டி மேல் 1000 எக்ஸ் என்று போட்டிருக்கிறது. என் விரலிலேயே வைத்துப் பார்த்தேன். எட்டு வெள்ளை வட்டம் தெரிகிறது, அது அதன் எல்இடி விளக்குகளின் பிரதிபலிப்பு. மீதி இடமெல்லாம் வறண்ட ஏரி மாதிரி தோல் வெடிப்பு. ரத்தக்குழாய் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை சிவப்பாக ஏதோ கோடு தெரிந்தது, கிட்டப் பார்க்கலாம் என்று அழுத்தினேன், மறைந்துவிட்டது.

இந்தக் கருவியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? இல்லை தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டுமா? அந்த அக்காவைத் தவிர இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், இருபத்திரண்டு வயது, அவளுக்கும் இதே மாதிரி விரல் வெளுக்கிறது. இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னால் "ஒரு நாள் பொழப்பு போயிடும்" என்கிறார்கள். கையில் ஒரு படம் இருந்தால் அவர்களையும் நம்ப வைக்கலாம், எனக்கும் யாரை முதலில் அனுப்புவது என்று தெரியும்.

எண்ணூர்_பயோமெட்:

சிஸ்டர், தூக்கிப் போடாதீர்கள். பல வருஷமாக ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்புகளை சர்வீஸ் செய்கிறவன் சொல்கிறேன், உங்கள் கருவியில் குறை கொஞ்சம்தான், பெரிய குறை வெளிச்சத்தில் இருக்கிறது.

தோலின் மேல் அடுக்கு காய்ந்த செதில்கள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் காற்று. விளக்கு வெளிச்சம் அங்கேயே பட்டுத் திரும்பிவிடுகிறது, உள்ளே போனால்தானே ரத்தக்குழாய் தெரியும். பஜ்ஜி மடித்துக் கொடுக்கிற பேப்பரை நினைத்துப் பாருங்கள், எண்ணெய் இறங்கின இடத்தில் மட்டும் அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். பேப்பர் நாருக்கு நடுவில் இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். விரலுக்கும் அதே வைத்தியம்தான். நகமடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நிமிடம் ஊற விடுங்கள். லேபில் இருக்கிற இம்மர்ஷன் ஆயில் நல்லது, மெடிக்கல் ஷாப் லிக்விட் பாரஃபின் போதும், ஸ்கேன் எடுக்கிற ஜெல்லும் சரிதான் ஆனால் அதில் காற்றுக்குமிழி நிற்கும்.

அழுத்தினால் மறைந்தது என்றீர்களே, அது நீங்கள் உண்மையிலேயே ரத்தக்குழாயைத்தான் பார்த்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி. அந்தக் குழாய்க்குள் இருக்கிற அழுத்தம் ரொம்பக் குறைவு, லேசாக அமுக்கினாலே ரத்தம் ஒதுங்கிவிடும், குழாயின் சுவர் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே ஓடுகிற சிவப்பணுதான் தெரியும். அதனால் கருவியின் மூக்கு எண்ணெயைத் தொடலாம், தோலை அழுத்தக் கூடாது.

அடுத்தது அந்த 1000 எக்ஸ். அதை நம்ப வேண்டாம், திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போய்ச் சொல்கிற கணக்கு அது. ஒரு ஸ்டீல் ஸ்கேலை லென்ஸுக்கு அடியில் வைத்து, படத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று பாருங்கள். இந்த வகைக் கருவியில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு இடத்தில் படம் தெளியும். ஒன்று தூரத்தில், சின்னதாகத் தெரியும். இன்னொன்று மூக்கு பொருளை முட்டுகிற மாதிரி கிட்டத்தில். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அங்கே படத்தின் அகலம் 2 மில்லிமீட்டர், உள்ளே இருக்கிற சென்சார் நிஜத்தில் 640 புள்ளிதான் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு புள்ளிக்கு சுமார் 3 மைக்ரான் வருகிறது (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுண்குழாய் கொண்டை ஊசி மாதிரி வளைந்திருக்கும், சாதாரணமாக அந்த ஊசியின் ஒரு கால் 10, 15 மைக்ரான் அகலம், அதாவது மூன்றிலிருந்து ஐந்து புள்ளி. நோயில் ராட்சதமாக வீங்கினது 50 மைக்ரானுக்கு மேல், பதினாறு புள்ளிக்கு மேல். நாலு புள்ளியையும் பதினாறு புள்ளியையும் பிரித்துப் பார்க்க லட்ச ரூபாய் கருவி தேவையில்லை. அந்த ஸ்கேல் படத்தை அதே ஃபோகஸில் சேமித்து வையுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதுதான் அளவுகோல்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும், 540 நானோமீட்டர் பக்கத்தில். பச்சை விளக்கில் பார்த்தால் தோல் வெளுப்பாகவும் குழாய் கறுப்புக் கோடாகவும் தனித்து நிற்கும். நம் ஊர் நிறத்துத் தோலில் இது கூடுதலாகவே உதவும். விளக்கை மாற்ற முடியாவிட்டால், எடுத்த படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பச்சை சேனலை மட்டும் பிரித்துப் பாருங்கள், போனில் இருக்கிற இலவச ஆப்பே செய்துவிடும்.

முதலில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ஆரம்பியுங்கள், அதிகம் வேலை செய்யாத கையில். அங்கேதான் தோல் கொஞ்சம் மெல்லிசு.

வண்ணை_செல்போன்_சர்வீஸ்:

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை. போர்டில் சால்டரிங் பார்க்க இதே கருவியைத்தான் தினமும் வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

சிஸ்டர், கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். கையில் பிடிக்கிற கருவிதான், ஆனால் இந்தப் பெருக்கத்தில் உங்கள் நாடித்துடிப்பே படத்தை ஆட்டிவிடும். அதோடு வருகிற பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஆடும், அதைப் போட்டுவிட்டு இரும்பு அடிப்பலகை வைத்த ஸ்டாண்டு வாங்குங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். படுக்கையில் இருக்கிறவருக்குப் பார்க்க வேண்டுமென்றால் அவர் விரலையும் கருவியையும் சேர்த்து ஒரே பலகையில் வைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் படம் ஆடாது. நான் ஒரு மரக்கட்டையில் விரல் அளவுக்குப் பள்ளம் தோண்டி, மேலே ஸ்பாஞ்ச் ஒட்டி ஒரு நண்பருக்குச் செய்து கொடுத்தேன், நன்றாகவே நின்றது.

அந்த எட்டு வெள்ளை வட்டம் எண்ணெய் விட்டாலும் முழுசாகப் போகாது, எண்ணெயின் மேல்பரப்பிலும் மின்னும். அதற்கு போலரைசர் ஃபிலிம், ஒரே திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற பிளாஸ்டிக் ஷீட். கடையில் தேட வேண்டாம், செத்துப்போன எல்சிடி டிஸ்பிளேயில் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஷீட் இருக்கும், பழைய கால்குலேட்டரிலும் இருக்கும். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றைத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் இருட்டாகிவிடும். அந்தக் கோணம்தான் கணக்கு. விளக்கு வளையத்துக்கு மேல் வளைய வடிவில் ஒரு துண்டு, நடுவில் லென்ஸுக்கு நேராக வட்டமாக இன்னொரு துண்டு, இருட்டாகிற கோணத்தில் ஒட்டுங்கள். மேல்பரப்பில் பட்டுத் திரும்புகிற மினுக்கல் அப்படியே நின்றுவிடும், தோலுக்குள் போய்ச் சிதறி வருகிற வெளிச்சம் மட்டும் தாண்டி வரும். நான் ஐசி மேல் எழுத்து படிக்கச் செய்த வேலை இது, தோலுக்கும் அதுதானே. வெளிச்சம் பாதிக்கு மேல் குறையும், அதனால் எல்இடியை முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெட்ட வரவில்லை என்றால் சொல்லுங்கள், நான் வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம்.

எண்ணூர்_பயோமெட்:

மேலே தம்பி சொன்னதுதான் சரி. 1999இல் இதே போலரைசர் யோசனையை வைத்துத்தான் ஐசியூவில் நாக்குக்கு அடியில் ரத்த ஓட்டம் பார்க்கிற கையடக்கக் கருவி முதலில் வந்தது. அதற்குப் பிறகு 2007 வாக்கில் வந்ததில் போலரைசரையே எடுத்துவிட்டார்கள். கருவியின் நுனியில் பச்சை எல்இடியை வளையமாக வைத்து, லென்ஸ் குழாய்க்குள் அந்த வெளிச்சம் நேராகக் கசியாதபடி மறைத்து, நுனியைத் திசுவில் தொட வைத்தார்கள். பக்கவாட்டில் நுழைகிற வெளிச்சம் உள்ளே பரவி, குழாய்களைப் பின்னாலிருந்து காட்டுகிறது. நீங்களும் லென்ஸைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தில் சின்னக் குழாய் செய்து வைத்தால் கொஞ்சம் பலன் கிடைக்கும்.

கொருக்குப்பேட்டை_டீச்சர்:

ஒரு சின்னச் சந்தேகம். எங்கள் பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது, மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப், 140 மடங்கு காட்டும். அதைப் பயன்படுத்த முடியாதா? பிள்ளைகள் கையில் கொடுத்தே பார்க்கிறோம்.

எண்ணூர்_பயோமெட்:

முடியாது டீச்சர். அது கண்ணாடித் தகட்டில் வைத்த பொருளை, வெளிச்சம் ஊடுருவிப் போக வைத்துப் பார்க்கிற கருவி. விரலை வெளிச்சம் அப்படி ஊடுருவாது. வெங்காயத் தோலுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் அதை அடிக்க ஆளில்லை.

மூட்டுவாதம்_பிஜி:

நான் வாதநோய்ப் பிரிவில் மேல்படிப்பு படிக்கிறேன். சிஸ்டர் கேட்டதில் கருவியைவிட முக்கியமான பாதி இன்னும் பேசப்படவில்லை, பார்த்த பிறகு என்ன என்பது.

முதலில் ஏன் நகமடிப்பு? உடம்பில் மற்ற இடத்திலெல்லாம் நுண்குழாய்கள் தோலை நோக்கிச் செங்குத்தாக வரும், மேலேயிருந்து பார்த்தால் வெறும் புள்ளி. நகமடிப்பில் மட்டும் கடைசி வரிசை படுத்துக் கிடக்கும், அதனால் முழு உருவமும் தெரியும். கொண்டை ஊசியை வரிசையாகக் குத்தி வைத்தது போல, தலை நகத்தைப் பார்த்தபடி. ஒரு மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால், எல்லாம் ஒரே அளவில் மெல்லிசாக இருந்தால், அது நிம்மதியான படம். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டு இருப்பதும் நல்ல உடம்பிலேயே உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. ஊசி ஊதிப்போய் பலூன் மாதிரி ஆகிவிட்ட ராட்சதக் குழாய். ஒரு மில்லிமீட்டரில் மூன்றுதான் மிச்சம், அதுவும் கிளைத்துக் கோணிய உருவம், நடுவில் வெறும் வெளிறிய திடல். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ரத்தக் கசிவுப் பொட்டுகள். ராட்சதக் குழாய் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே போதும், அவரை அந்த வாரமே அனுப்புங்கள். 2013இல் வெளியான ஸ்கிளீரோடெர்மா வகைப்பாட்டு விதிகளில் 9 புள்ளி வந்தால் அந்த நோய் என்று கணக்கு. ரேனாட் இருந்தால் 3, நகமடிப்புக் குழாய் மாறியிருந்தால் 2. மீதியைத் தோலும், நுரையீரலும், ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பொருளும் சொல்ல வேண்டும். அதனால் படம் மட்டும் நோயை முடிவு செய்யாது, படம் சரியாக இருக்கிறது என்பதற்காக ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையை (உடம்பு தன் செல்களுக்கு எதிராகவே உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத் தேடுவது) விட்டுவிடவும் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பிறகு பெரிய நோயாக மாறுகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இனி உங்கள் இடத்துக்கான எச்சரிக்கை. இறால் உரிக்கிற கையில் ஓடும் முள்ளும் குத்தாத நாள் இருக்காது. குத்தின இடத்தில் ரத்தப்பொட்டு வரும், குழாயும் வளைந்து போகும், அது காயம், நோய் இல்லை. ஒரு விரலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கட்டை விரலை விட்டுவிட்டு எட்டு விரலையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நகத்தைச் சுற்றித் தோலைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். துறைமுகத்திலிருந்து நேராக வந்தவரை உடனே பார்க்காதீர்கள், ஃபேனுக்கு நேராக இல்லாமல் பதினைந்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் சுருங்கின குழாயைப் பார்த்து, குழாயே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். கிரைண்டிங் மெஷின், டிரில் பிடிக்கிறவர்களுக்கு அதிர்வினாலும் விரல் வெளுக்கும், வேலை என்ன என்று கட்டாயம் கேட்டு எழுதுங்கள். பீடி, சிகரெட், பிரஷருக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள்கூட இதைக் கூட்டும்.

கருவி விஷயத்தில், கொஞ்சம் பணம் சேர்ந்தால் தோல் டாக்டர்கள் வைத்திருக்கிற 10 மடங்கு டெர்மடாஸ்கோப் வாங்கலாம். சட்டைப் பையில் அடங்கும், பெரும்பாலும் போலரைசர் அதிலேயே இருக்கும், ஒரு விரலுக்கு அரை நிமிடம் போதும். சின்ன மாற்றங்கள் அதில் தவறும், ராட்சதக் குழாயும் வெற்றுத் திடலும் பெரும்பாலும் தவறாது. அதுகூட இல்லாத இடத்தில் கண் பார்க்கிற ஆப்தால்மோஸ்கோப்பை அதிகபட்ச பிளஸ் லென்ஸுக்குத் திருப்பி, எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 40 டயாப்டர் சக்தியுள்ள லென்ஸ் இருந்தால் அதுவும் 10 மடங்குதான்.

விரல் நுனியில் புண் வந்தாலோ கறுத்தாலோ படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

தண்டையார்பேட்டை_மகள்:

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஆறு வருஷம் விரல் வெளுத்தது. ஒரு ஆஸ்பத்திரியில் குளிர் அலர்ஜி என்றார்கள், அடுத்ததில் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவும் பாத்திரம் தேய்க்கிற கைக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டார். விரல் நுனியில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி விழுந்தது, அதையும் காட்டினோம், யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ஒரு சொட்டு ஜெல் விட்டு, டார்ச் மாதிரி ஒன்றை வைத்து, இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்து, "சாப்பாடு இறங்கும்போது நெஞ்சில் நிற்கிறதா அம்மா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டார். இரண்டுமே இருந்தது. அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாருமே கேட்கவில்லை.

அம்மா இப்போது மருந்தில் இருக்கிறார், முன்னைக்குப் பரவாயில்லை. நுரையீரலில் போனது போனதுதான். சிஸ்டர், நீங்கள் படம் எடுக்கும்போது இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். முகத்துத் தோல் பளபளப்பாக இறுகியிருக்கிறதா, மோதிரம் இறுகிக்கொண்டதா என்றும் பாருங்கள். அம்மாவின் கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம், அப்போதும் எங்களுக்குப் புரியவில்லை.

இரவுப்பணி_ஐசியூ:

நானும் நர்ஸ்தான், பெரம்பூர் பக்கம் ஐசியூ. நாக்குக்கு அடியில் பார்க்கிற கருவி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும், யாராவது இந்த யூஎஸ்பி கருவியை வாய்க்குள் வைத்துவிடப் போகிறார்கள். வேண்டவே வேண்டாம். அதைக் கிருமி நீக்க முடியாது, சூடாகும், மின்சாரம் ஓடுகிற பொருள், எச்சில் உள்ளே போகும். வாய்க்குள் வைக்கிற கருவிகள் அதற்கென்று உறை போட்டு வருகின்றன, விலையும் லட்சங்களில், படத்தைப் படிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும்.

படுக்கையில் மோசமாகக் கிடக்கிற நோயாளிக்கு நுண் ரத்த ஓட்டம் எப்படி என்று தெரிய வேண்டுமென்றால், நம் கையில் செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்றை எடுத்து விரல் நுனியின் சதையில் வெளுக்கிறவரை அழுத்தி, 10 விநாடி பிடித்து, விடுங்கள். பழைய நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் சரியில்லை. 2019இல் வெளியான ஒரு ஆய்வில், தென் அமெரிக்க நாடுகளில் செப்டிக் ஷாக் (கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்த) நோயாளிகள் 424 பேரிடம், இந்த விநாடிக் கணக்கைப் பார்த்துச் சிகிச்சை கொடுப்பதையும், ரத்தத்தில் லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுகிற பொருள்) அளவைப் பார்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 28 நாளில் இறந்தவர்கள் விநாடிக் கணக்கு பார்த்த பக்கம் 34.9 சதவீதம், லாக்டேட் பக்கம் 43.4. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதி என்று சொல்லும் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிட்டது, ஆனாலும் ஒரு கண்ணாடித் துண்டும் கடிகாரமும் லேப் டெஸ்டுக்குக் குறையாமல் நின்றதே, அதை நான் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள், மனசுக்குள் எண்ணாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் சில்லென்று இருந்தால் கணக்கு தப்பும்.

ரேனாட் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் விரலின் நிறம் பல நேரம் தாமதமாகத்தான் திரும்பும். பல்ஸ் ஆக்சிமீட்டரும் அவர்கள் விரலில் சில நேரம் சரியாகக் காட்டாது, காது மடலில் வைக்கிற புரோப் இருந்தால் அதை மாட்டுங்கள். இதை சிஸ்டர் கேட்கவில்லை, ஆனால் ஐஸ் கையோடு வருகிறவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டி ஆக்சிஜன் ஏற்றினதை நான் பார்த்திருக்கிறேன்.

துறைமுகம்_சிஸ்டர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் முதலில் நன்றி.

எண்ணெய்க்கு முதலில் வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான் எடுத்துப் போனேன். டாக்டர் அறையில் ஏசி, பாட்டிலில் இருந்த எண்ணெய் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெளுத்து உறைந்துவிட்டது. அப்புறம் லிக்விட் பாரஃபின் வாங்கினேன், நாற்பது ரூபாய். ஃபிலிமை வண்ணாரப்பேட்டைத் தம்பி கடையில் வெட்டி வாங்கினேன், உட்கார வைத்து மோர் கொடுத்துதான் அனுப்பினார்.

எண்ணெய் விட்டு, ஃபிலிம் ஒட்டி, என் சுண்டு விரலில் வைத்த அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முதலில் மங்கலாகக் காவி நிறம். சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பினேன். ஒரு வரிசை எழுந்தது, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, சிவப்புக் கொண்டை ஊசிகள். பச்சை சேனலுக்கு மாற்றினதும் கறுப்பாகத் தெளிந்தது. ஒன்றில் உற்றுப் பார்த்தால் உள்ளே ஏதோ துகள் துகளாக நகர்கிறது, ஒரு காலில் ஏறி வளைந்து மறு காலில் இறங்குகிறது, நடுவில் நின்று திரும்பவும் ஓடுகிறது. பதினாறு வருஷமாக நர்ஸ், எத்தனை ஆயிரம் பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன், ரத்தம் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இது என்னுதா உன்னுதா?" என்று கேட்டார். அவர் விரலையும் வைத்தோம்.

இதுவரை ஒன்பது பேருக்குப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் படம் எடுக்கட்டுமா, டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் எடுக்கிறேன். படத்தில் பெயர் போடுவதில்லை, நோட்டில் இருக்கிற நம்பர் மட்டும். ஒவ்வொருவருக்கும் நடுவில் கருவியின் மூக்கை ஸ்பிரிட்டில் துடைக்கிறேன். ஒரு அக்கா கல்யாணத்துக்குப் போட்ட மருதாணியோடு வந்தார், மோதிர விரல் முழுக்கச் சிவப்பு, எது மருதாணி எது ரத்தம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, வெளுத்த பிறகு வரச் சொன்னேன்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எட்டு விரலிலும் வரிசை ஒழுங்காக இருக்கிறது. ஸ்கேல் படத்தோடு வைத்து எண்ணினேன், 8, 9 வருகிறது. டாக்டரும் எண்ணினார். ஏஎன்ஏ மட்டும் எடுத்துவிடலாம் என்றார், எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையுறைக்குள் துணிக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன், போடுகிறாள்.

அந்த முப்பத்தெட்டு வயது அக்காவை இருபது நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தேன். வலது கை மோதிர விரலில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்குதான் இருந்தது. அதில் இரண்டு, நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் சொன்ன அதே பலூன். அளந்தால் இருபது புள்ளி வருகிறது. இடது கையிலும் இரண்டு விரலில் அதே மாதிரி, பக்கத்தில் பழுப்புப் பொட்டுகள். கை நடுங்கியது எனக்கு, அவருக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன். மூச்சு வாங்கவில்லையாம். சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறாராம், "கேஸ் டிரபுள்னு நெனச்சேன்" என்றார். என் விரல் படத்தையும் அவர் விரல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்ப போணும்?" என்று அவரே கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். வாதநோய்ப் பிரிவில் படங்களைப் பார்த்துவிட்டு, எந்தக் கருவி என்று கேட்டார்கள். சொன்னேன். ரத்தமும் எடுத்தார்கள், நெஞ்சு ஸ்கேனுக்கும் நாள் கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மூட்டுவாதம்_பிஜி:

நீங்கள் செய்ய வேண்டியதை முழுசாகச் செய்துவிட்டீர்கள் சிஸ்டர். ரிசல்ட் வருகிறவரை அவர் ஐஸில் கை வைக்காமல் இருக்க வழி இருக்கிறதா பாருங்கள், வியாபாரத்தில் வேறு யாராவது அள்ளிக் கொடுக்கலாம். பிரஷரையும் அடிக்கடி பார்த்து எழுதி வையுங்கள், திடீரென்று ஏறினால் காத்திருக்காமல் உடனே அனுப்புங்கள், இந்த நோயில் அது கிட்னியைத் தொடுகிற அடையாளமாக இருக்கலாம்.

துறைமுகம்_சிஸ்டர்:

பிரஷர் நேற்று 124/80. வாரம் இரண்டு தடவை பார்க்கிறேன். ஐஸ் அள்ள அவர் மகன் காலேஜ் போவதற்கு முன்னால் வருகிறான்.

வண்ணை_செல்போன்_சர்வீஸ்:

சிஸ்டர், இன்னும் நாலு செட் ஃபிலிம் வெட்டி வைத்திருக்கிறேன், பச்சை எல்இடி வளையமும் ஒன்று சால்டர் செய்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை திறந்திருக்கும், ஸ்டாண்டையும் எடுத்து வாருங்கள், அந்த ஆடுகிற ஸ்க்ரூவை மாற்றிவிடலாம்.